ஒரு தெரு தன்னைக் காத்துக்கொள்வது எப்படி: கொங்கு நகரங்களுக்கான வழிகாட்டி

கொங்கு நாடு மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுவதால், கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே சித்திரையில் குடத்தோடு காத்திருக்கும் அதே தெரு, ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. இப்போது வெயிலும் சேர்ந்துகொண்டது. 2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெப்பம் 42 பாகை செல்சியஸைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

அணை கட்டுவதும் குழாய் பதிப்பதும் அரசின் வேலை. ஆனால் ஐம்பது முதல் நூறு வீடுகள் கொண்ட ஒரு தெரு, தன் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, தன் வெயில் எந்த வீட்டில் யாரைத் தாக்குகிறது என்பதைத் தானே அறிந்து வைத்திருந்தால், செய்ய வேண்டியதில் பாதியைத் தன் கையாலும் மீதியைத் தெளிவான கோரிக்கையாலும் முடித்துக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதற்கான வழிமுறையே இது.

முதலில் நடந்து பாருங்கள்

எந்தச் செலவும் செய்வதற்கு முன் உங்கள் தெருவின் வரைபடம் ஒன்று தேவை. ஒரு பெரிய தாளில் வீடுகளையும் சாலையையும் சாக்கடையையும் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இதோடு இரண்டு முறை நடக்க வேண்டும். ஒருமுறை சித்திரை மாதப் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்து, நிழலே இல்லாத இடங்களையும் தகரக் கூரை, சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட வீடுகளையும் சிவப்பு மையால் குறியுங்கள். இன்னொரு முறை நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு நடந்து, தண்ணீர் ஓடும் திசையையும் தேங்கும் இடங்களையும் நீல மையால் குறியுங்கள். மழை விட்டபின் போனால் தேங்கிய இடம் மட்டுமே தெரியும்; தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது தெரியாது.

வரைபடத்தை முதியவர்களிடம் காட்டுங்கள். ஒரு முறை நான் 'இந்தக் காவாய்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் இடைமறித்தார். "இதக் காவாய்னு சொல்லாதீங்க. இது பள்ளமுங்க. மேக்க இருந்து தண்ணி வந்து குளத்துக்குப் போற பள்ளம்." அந்த ஒரு சொல்லில் என் வரைபடமே மாறிவிட்டது. காவாய் என்றால் வீட்டுக் கழிவு போகும் வழி என்று நினைத்து அதை அடைக்கவும் மூடவும் நமக்குத் துணிவு வருகிறது. பள்ளம் என்றால் அது ஓர் ஆற்றின் விரல். கோவையின் சங்கனூர்ப் பள்ளம், ஈரோட்டின் பெரும்பள்ளம் எல்லாம் அப்படிப்பட்ட இயற்கை ஓடைகளே.

பெரியவர் சொன்னதை ஆவணத்தோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. கிராம நிர்வாக அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ நில அளவைப் புலப்படத்தையும், ஒவ்வொரு நிலத்தின் வகையும் எழுதப்பட்ட 'அ' பதிவேட்டின் நகலையும் கேட்டுப் பெறலாம். அவற்றில் ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும் நிலம், இன்று எவ்வளவு அகலம் மிச்சமிருக்கிறது என்பதை நாடாவால் அளந்து வரைபடத்தில் எழுதுங்கள். பின்னால் எந்த அதிகாரியிடம் பேசினாலும் இந்த ஒரு வரி உங்களுக்குக் கைகொடுக்கும்.

உங்கள் பள்ளம் எந்தக் குளத்தில் சேருகிறது என்பதையும் எழுதுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலில் முன்னோர் அணைக்கட்டுகளை வரிசையாகக் கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும்படி அமைத்தார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டின் வாய்க்காலிலிருந்து நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று தண்ணீர் தொடராகப் போவது அந்த முறைதான். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டம், பவானியின் உபரி நீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு நீரேற்றிக் கொண்டுசெல்கிறது. பல தலைமுறைக் கோரிக்கை அது. ஆனால் குளத்துக்கு வந்த தண்ணீர் நிற்பதும், மழைக்காலத்தில் நம் தெருவின் நீர் அதே குளத்துக்குச் சுத்தமாகப் போய்ச் சேருவதும் நம் கையில் இருக்கின்றன.

கூரை நீரைக் கணக்கிட்டுப் பூமிக்குள் அனுப்புங்கள்

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இருந்தும் பல வீடுகளில் அது ஒரு குழாயும் ஒரு சிறிய குழியுமாக, அனுமதி வாங்குவதற்காகச் செய்யப்பட்டு, இன்று மண் மூடிக் கிடக்கிறது. காரணம் அலட்சியம் மட்டும் அல்ல. குழியின் அளவைக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்காததே முக்கியமான காரணம்.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்தால் 55,800 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக, எண்பது விழுக்காடு என்று கொண்டாலும் 44,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். இப்போது ஒரு மழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டர் கொட்டினால், அதே எண்பது விழுக்காட்டுக் கணக்கில் அந்தத் தளத்திலிருந்து ஏறத்தாழ 1,500 லிட்டர் இறங்கும். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதைக் கல்லாலும் ஜல்லியாலும் நிரப்பிவிட்டால், கற்களுக்கு இடையே தண்ணீர் நிற்க மிஞ்சும் இடம் சுமார் 500 லிட்டர்தான். மீதி ஆயிரம் லிட்டரும் வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீரோடு சேர்ந்து, தெருவை வெள்ளமாக்குகிறது. அதே வீட்டில் மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளைப் பத்தடி ஆழத்துக்கு இறக்கி, உள்ளே எதையும் நிரப்பாமல் விட்டால், 2,000 லிட்டர் நிற்கும். ஆகவே இடம் இருக்கும் வீடுகளுக்கு நிரப்பிய குழியைவிட உறை இறக்கிய கிணற்றையே நான் பரிந்துரைக்கிறேன்.

செய்யும் முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மாடிக் குழாய் நேராகக் கிணற்றுக்குள் போகக் கூடாது. இடையில் இரண்டடிக்கு இரண்டடி வடிகட்டித் தொட்டி ஒன்று கட்டி, அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, மேலே பருமணல் என்று போட்டு, மணல்மேல் நைலான் வலை ஒன்றை விரித்துவிட வேண்டும். வலையைச் சுத்தம் செய்வதும் மேல்மணலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் எளிது. முதல் மழையின் நீரில் மாடித் தூசியும் பறவை எச்சமும் இருக்கும் என்பதால், அதை வெளியே திருப்பிவிட ஒரு தனி வால்வு வைக்கச் சொல்லுங்கள். உறைகளின் பக்கங்களில் துளை இருக்க வேண்டும். மேலே கனமான மூடி கட்டாயம். குழந்தைகள் உள்ள தெருவில் இதில் ஒரு நாள் தாமதம்கூட ஆகாது. கழிவுத் தொட்டியிலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளியே உறை இறக்க வேண்டும்.

மண் வகையைப் பார்ப்பது மிக முக்கியம். கரிசல் நிலத்தில் மேல்மண் ஈரம் பட்டவுடன் உப்பி, தண்ணீரை உள்ளே விடாமல் அடைத்துக்கொள்ளும். அங்கே கரிசலைக் கடந்து, கீழே இருக்கும் மக்கிய பாறை வரை தோண்டினால்தான் பயன். நம் பகுதியின் அடிப்பகுதி கடினப் பாறை. நிலத்தடி நீர் அந்த மக்கிய அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தங்குகிறது. ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டும் தூசி பறந்த கதைகள் நம் ஊரில் ஏராளம். வற்றிப்போன போருக்குள் கூரை நீரை விட விரும்புவோர், நன்கு வடிகட்டிய கூரை நீரை மட்டுமே விட வேண்டும். தெருவில் ஓடும் தண்ணீரை ஒருபோதும் விடக் கூடாது. ஒருமுறை எண்ணெயும் சாக்கடையும் பாறை வெடிப்புக்குள் இறங்கினால், சுற்றிலும் உள்ள எல்லாப் போர்களும் கெட்டுவிடும், அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை.

இதற்குச் சாட்சி நொய்யலே. சாயக்கழிவு பல ஆண்டுகள் ஆற்றில் கலந்து, 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவு தேங்கும் இடமாகியது. சுற்றியிருந்த கிணறுகளும் வயல்களும் உப்பேறின. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு வெளியேற்றம் அறவே இல்லாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. உங்கள் பள்ளத்தில் நிறம் மாறிய தண்ணீர் வந்தால், நாளும் நேரமும் இடமும் தெரியும்படி படம் எடுத்து அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.

வெயிலில் யார் இருக்கிறார்கள்?

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது மரம் நடுவதைப் பற்றியே பேசுகிறோம். மரம் நிழல் தரப் பத்தாண்டு ஆகும். இந்தச் சித்திரைக்கு வேண்டியது வேறு.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வரிசையாக எட்டு அறைகள், மேலே சிமெண்ட் அட்டை, முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய். கதவைத் தொட்டாலே சுட்டது. உள்ளே ஒரு பெண் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். இரவில் வெப்பம் தணியும் அல்லவா என்று நான் கேட்டதற்கு, "நாங்க தூங்கறதே பகல்லதானுங்க, எனக்கு நைட் ஷிஃப்ட்" என்றார். வெப்பத்தைப் பற்றிய அறிவுரைகள் எல்லாமே பகலில் வேலை செய்து இரவில் தூங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே கூரையிலிருந்து தொடங்குங்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். கான்கிரீட் தளமாக இருந்தால், நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, துணியால் வடித்து, ஒட்டிக்கொள்வதற்காகக் கொஞ்சம் பெவிகால் போன்ற பசை சேர்த்து, நன்கு கூட்டிக் கழுவிய தளத்தில் இரண்டு பூச்சு அடிக்கலாம். மாசியில் அடித்தால் அந்தக் கோடைக்கு நிற்கும். மழைக்குப் பின் மங்கும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு அடிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் வேண்டும். பணம் இருப்பவர்கள் வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு வாங்கலாம். அது சில ஆண்டுகள் தாங்கும். பழைய சிமெண்ட் அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைச் சுரண்டுவதோ துளையிடுவதோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அத்தகைய கூரைக்குமேல் ஓரடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல் வலையைக் கம்பத்தில் கட்டினால், வலைக்கும் அட்டைக்கும் நடுவே காற்று ஓடும். தென்னங்கீற்று வேய்ந்தாலும் குளிர்ச்சிதான், ஆனால் மின்கம்பியும் அடுப்பும் பக்கத்தில் இருக்கும் லைன் வீடுகளில் அதை நான் சொல்லமாட்டேன். இந்தச் செலவு வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு ஆகாது; தெருச் சங்கம் வீட்டு உரிமையாளரிடம் நேரில் பேச வேண்டும்.

அடுத்து, ஒரு பெயர்ப்பட்டியல். தனியாக வாழும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், தூய்மைப் பணியாளர்கள், தெருமுனையில் இஸ்திரி போடுபவர், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோரின் பெயரும் கைபேசி எண்ணும் ஒரே நோட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் மதியமும் மாலையும் அவரைப் போய்ப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் பெயர். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களையும் இதே பட்டியலில் சேருங்கள். அவர்களில் ஒருவரையே எச்சரிக்கையை அவர்கள் மொழியில் பேசிக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள்.

வெப்பவாதத்தின் (ஹீட் ஸ்ட்ரோக்) அறிகுறியைத் தெருவில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் இருந்தால் நிழலுக்கு அழைத்துப்போய், ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தப்பினாலோ அது உயிருக்கு ஆபத்து. உடனே 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சேமித்த தண்ணீரும் கொசுவும்

நல்ல தண்ணீர் பல நாள்களுக்கு ஒருமுறை வரும் ஊரில் டிரம்மும் தொட்டியும் குடமும் இல்லாத வீடு கிடையாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, இந்தத் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஆகவே தண்ணீர்ப் பற்றாக்குறை என்பதே நம் ஊரில் காய்ச்சலாகவும் மாறுகிறது. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. தொட்டியின் சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின்னும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே கவிழ்த்துக் கொட்டினால் போதாது, உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாள், தெரு முழுவதும் ஒரே நாளில் இதைச் செய்தால் பலன் உண்டு. வெள்ளிக்கிழமை வாசல் கழுவும் வழக்கத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. தேய்க்க முடியாத பெரிய தொட்டிக்கு மெல்லிய துணியை இழுத்துக் கட்டுங்கள்.

மரமும் குப்பையும்

மரம் பற்றி ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். வேகமாக வளர்ந்து பூத்துக் குலுங்கும் மே ஃபிளவர் மரத்தின் கிளை அந்தக் காற்றில் எளிதில் முறியும். வேம்பு, புங்கன், நாவல் ஆகியவை மெல்ல வளர்ந்தாலும் நிற்கும். பள்ளத்தின் கரையில் மருதும் பூவரசும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடைகளில் எந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதாமல் நட வேண்டாம்.

குப்பையில், மழைக்கு முன் கவனிக்க வேண்டியது சாக்கடையின் வாய். பாலிதீன் பையும் பனியன் கட்டிங் துணியும் ஒன்றாகச் சிக்கினால் அடைப்பு கல்போல் இறுகும். சமையலறைக் கழிவைப் பிரித்து உரமாக்கினால், கிடங்குக்குப் போவது குறையும். 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து புகைந்ததை அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். தெருவில் சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் அன்றோடு விட்டிருக்க வேண்டும்.

கேட்க வேண்டியதைக் கேட்கும் முறை

உங்கள் கையால் முடியாதவை மிஞ்சும்: தூர்ந்த பள்ளம், தாழ்வான சுரங்கப்பாதை, உயரம் தவறிக் கட்டிய வடிகால். நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 முதல் வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் அமைக்கப்பட்டுள்ளன. கிராம சபை போல அங்கே எழுந்து பேசும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். 'தெருவில் தண்ணீர் தேங்குகிறது' என்று எழுதினால் அது புகார். 'பதினான்காம் எண் வீட்டு முன் நாற்பது அடி நீளத்துக்கு வடிகாலின் அடிமட்டம் மேற்கே சரிந்துள்ளது, அதைக் கிழக்கே பள்ளம் நோக்கித் திருத்த வேண்டும்' என்று எழுதினால் அது வேலை. வரைபடமும் மழைநாளில் எடுத்த படமும் இணைத்து, நகலில் தேதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100இல் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை அடுத்த கூட்டத்தில் படியுங்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கூரைப் பூச்சும் பெயர்ப்பட்டியலும் பங்குனி பிறப்பதற்குள் முடிய வேண்டும். உறைகளை ஆவணிக்குள் இறக்கிவிட்டு, புரட்டாசியில் சாக்கடை வாய்களைத் திறந்து வையுங்கள். ஐப்பசியின் முதல் நல்ல மழையன்று அதே தாளை எடுத்துக்கொண்டு குடையோடு மறுபடி நடந்து, நீலக் கோடுகளைப் புதிதாக வரையுங்கள். போன ஆண்டுக் கோட்டிலிருந்து மாறாமல் எங்கே தண்ணீர் நிற்கிறதோ, அந்த வீட்டு வாசலிலிருந்து அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கலாம்.